பழைய டேனரி நிலத்தில் பூங்கா: செம்மண் கொட்டினால் போதுமா?

பேட்டைவாசி:
இராணிப்பேட்டையில் எங்கள் குடியிருப்பை ஒட்டி, பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றின் நிலம் ஏறக்குறைய மூன்று ஏக்கர் சும்மா கிடக்கிறது. பூங்கா அமைக்கலாம் என்று சங்கத்தில் பேசி, சென்ற ஆடியில் நாற்பது வேப்பங்கன்றுகளை நட்டோம்; கார்த்திகைக்குள் ஏழுதான் மிஞ்சின. சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்த மூலையில் மண் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, சீமைக்கருவேலத்தைத் தவிர எதுவும் தலையெடுக்கவில்லை. வேளாண் துறை கொடுத்த மண்வள அட்டையில் மின்கடத்துதிறன் (மண்ணிலுள்ள உப்பைக் காட்டும் அளவு) மட்டும் மிகை என்றுள்ளது. ஓரடி செம்மண் கொட்டிப் புல் வளர்த்தால் பிள்ளைகள் விளையாடத் தகுந்த இடமாகிவிடுமா?

மண்வெட்டி:
ஐயா, அந்த அட்டையை நம்பிப் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். அது பார்ப்பது பயிருக்கு வேண்டிய 12 அளவுகளைத்தான். டேனரி நிலத்தில் தேடவேண்டிய குரோமியம் என்ற உலோகம் அதில் கிடையாது. பச்சைத்தோலை உப்பிட்டே கொண்டுவருவார்கள் என்பதால் கன்றுகளைக் கொன்றது பெரும்பாலும் உப்பாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அஞ்ச வேண்டியது வேறு. குரோமியத்தில் இரு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அவ்வளவாக நகராது. அறுவிணைதிறக் குரோமியமோ நீரில் கரைந்து கிணறு வரை போகும், தூசியாக மூச்சில் ஏறினால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். சிப்காட்டில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் குவிந்து கிடப்பது இந்த இரண்டாம் வகை. அந்தக் கழிவு உங்கள் நிலத்துக்கும் வந்திருக்கலாம் என்பதால், அதை மேடாக்க எங்கிருந்து மண் வந்தது என்று பழைய தொழிலாளர்களைக் கேளுங்கள். மழைக்குப்பின் தேங்கும் நீர் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பாருங்கள், அது அறுவிணைதிறக் குரோமியத்தின் அடையாளமாக இருக்கலாம்.

ஓரடிச் செம்மண்ணில் உப்பு இரண்டு கோடையில் மேலேறிவிடும். அடியில் ஜல்லிப்படுகை போட்டால்தான் அந்த ஏற்றம் அறுபடும். மண்ணில் நச்சு இருந்தால் பூங்கா திறந்த பிறகும் சிக்கல் வரலாம்: அமெரிக்காவின் சியாட்டிலில் 1956இல் நின்றுபோன எரிவாயு ஆலையை 1975இல் பூங்காவாகத் திறந்தார்கள். மண்ணில் நச்சு இருப்பது தெரிந்து 1984இல் அதைச் சிறிது காலம் மூட நேர்ந்தது.

பாலாற்றங்கரை:
செலவைச் சங்கம் ஏன் சுமக்க வேண்டும்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, நம் மாவட்டத்து டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. (அந்தத் தொகை அன்றைக்கும் பெரிதில்லை.) மாசடைந்த நிலங்களுக்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டுள்ளது, அவற்றைச் சுட்டி ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். பூங்கா என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

பேட்டைவாசி:
நேற்றிரவு மழை. சுண்ணாம்புத் தொட்டி மூலையில் நீர் தெளிவாகவே நின்றது. ஆனால் கிழக்குச் சுவரோரம், லாரிகள் வந்து திரும்பிய இடத்தில், வண்டித்தடத்தில் தேங்கியது எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அங்கே எதையும் கொட்டியதாக ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன்.

மண்வெட்டி:
கையுறை அணிந்துதானே எடுத்தீர்கள்? பனிக்கட்டி வைத்த பெட்டியில் போட்டு, அறுவிணைதிறக் குரோமியத்தைத் தனியாக அளக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். நேரம் கடந்தால் அது மூவிணைதிறமாக மாறி அளவு குறைத்துக் காட்டும். அதுவரை அந்தச் சுவரோரம் முள்வேலி போட்டுவையுங்கள்.