கடிதம் நின்றுபோன சொந்தங்கள்: உக்ரைன் வேர் தேடியவர்களின் அனுபவங்கள்

எட்மன்டனிலிருந்து

என் கணவர் வீட்டார் கனடாவின் ஆல்பெர்ட்டாவில் நான்கு தலைமுறையாக இருக்கும் உக்ரைனியர்கள். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே அத்தை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஊரில் இருந்தவங்க எங்களை மறந்துட்டாங்க." அவருடைய தாத்தா 1905-இல் கப்பலேறி வந்தவர். பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்த காலம் அது. 1891 முதல் 1914 வரை ஏறக்குறைய 1,70,000 உக்ரைனியர்கள் அப்படிக் கனடாவுக்கு வந்தார்கள். தாத்தாவின் தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார். 1930-கள் வரை கடிதம் வந்திருக்கிறது, அப்புறம் ஒன்றும் இல்லை.

அந்த ஊர் எது என்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குடியேற்றத் தாள்களில் 'ஆஸ்திரியா', 'கலீசியா' என்று மட்டும் இருந்தது. கலீசியா என்பது இன்றைய மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரைச் சுற்றிய பகுதி. அப்போது அந்தப் பக்கமெல்லாம் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்ததால் வந்த வினை. முதல் உலகப் போரில் ஆஸ்திரியா கனடாவுக்கு எதிரி நாடு. எதிரி நாட்டவர் என்று சுமார் 80,000 பேரைக் கனடாவில் பதிவு செய்ய வைத்தார்கள், 8,579 பேரை முகாம்களில் அடைத்தார்கள். இரண்டிலும் பெரும்பாலோர் 'ஆஸ்திரியா' என்ற அந்த ஒரு சொல்லால் மாட்டிய உக்ரைனியர்கள். இதைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊர்ப் பெயரைக் கொடுத்தது தாத்தாவின் கல்லறை. பழைய கிராமத் தேவாலயத் தோட்டங்களில் உள்ள கற்களில், இறந்தவர் எந்தக் கிராமத்தில், எந்த வட்டத்தில் பிறந்தார் என்றே பல இடங்களில் சிரிலிக் எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். தேடத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குடும்பப் பெயரை விடுங்கள், முதலில் ஊரைப் பிடியுங்கள். ஒரே குடும்பப் பெயர் பத்து ஊரில் இருக்கும், ஒரே பெயரில் பல ஊர்களும் இருக்கும். அதனால் வட்டத்தின் பெயரும் சேர்ந்து கிடைத்தால்தான் வேலை நகரும்.

ஊர் தெரிந்த பிறகு, லிவிவ் நகரில் உள்ள மத்திய வரலாற்று ஆவணக் காப்பகத்தின் 201-ஆம் தொகுப்பு. லிவிவ் மறைமாவட்டத்து கிரேக்க-கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகளின் படிகள் அதில்தான் இருக்கின்றன. வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் நிறைய பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். எல்லாம் லத்தீனில், கையெழுத்தில். ஆனால் ஒவ்வொரு பிறப்புக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் நேரே வீட்டு எண் இருக்கும். எங்களைக் கரை சேர்த்தது அந்த எண்தான். ஒரே வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனபோது தாத்தா, தம்பி, சிறு வயதிலேயே இறந்த இரண்டு தங்கைகள் என்று குடும்பமே எழுந்து வந்தது. அத்தைக்கு அந்தத் தங்கைகளைப் பற்றி யாரும் சொன்னதே இல்லை.

டிஎன்ஏ சோதனையும் செய்து பார்த்தோம். வந்த பெயர்களில் ஏறக்குறைய எல்லாமே கனடா, அமெரிக்கா. சின்ன ஊருக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுத்தவர்கள் என்பதால் தூரத்து உறவும் கிட்டத்து உறவு போலக் காட்டுகிறது. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

உயிரோடு இருப்பவர்களைத் தேடிக் கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. கிராமத்து ஃபேஸ்புக் குழுவில் உக்ரைனிய மொழியில் நாலு வரி எழுதி, தாத்தாவின் படத்தையும் போட்டிருந்தோம். அவர் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். தம்பியின் பேத்தி வைபரில் வந்தார். எண்பது தாண்டியவர். பேச ஆரம்பிக்கும் முன்பே ஒரு புகைப்படத்தைக் காட்டினார். அதே படம், எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது.

அத்தை கேட்டே விட்டார், ஏன் எழுதவில்லை என்று. 1939-இல் சோவியத் ஆட்சி வந்த பிறகு வேலைக்கோ படிப்புக்கோ எந்தப் படிவம் நிரப்பினாலும் 'வெளிநாட்டில் உறவினர் உண்டா?' என்ற கேள்வி இருந்திருக்கிறது. உண்டு என்று எழுதினால் சந்தேகம், மறைத்து மாட்டினால் அதைவிட ஆபத்து. பக்கத்து வீட்டுக் குடும்பத்தைச் சைபீரியாவுக்கு ஏற்றிய இரவில் அந்தப் பாட்டியின் அம்மா கனடாக் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டு, படத்தை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அத்தை அன்று ரொம்ப நேரம் அழுதார். 'மறந்துட்டாங்க' என்ற பேச்சு அதன் பிறகு எங்கள் வீட்டில் இல்லை.

தெர்னோபிலில் மருத்துவம் படித்தவர்

எட்மன்டன் அக்கா, மேற்கு உக்ரைனின் தெர்னோபிலில் நான் படித்தபோது ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் குடும்பம் தெர்னோபில் ஊரே இல்லை. இன்றைய தென்கிழக்குப் போலந்தின் மலைப்பகுதியில் வாழ்ந்த லெம்கோ மக்கள். 1944-46 மக்கள் பரிமாற்றத்தில் ஏறக்குறைய 4,80,000 உக்ரைனியர்களைப் போலந்திலிருந்து சோவியத் உக்ரைனுக்கு அனுப்பினார்கள். பாட்டியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாட்டியின் பெரியம்மா மட்டும் போலந்தில் கணவர் ஊரில் தங்கிவிட்டார். 1947-இல் போலந்து அரசு 'விஸ்துலா நடவடிக்கை' என்று மீதியிருந்த சுமார் 1,40,000 பேரை வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தபோது அவர்களையும் ஏற்றிவிட்டார்கள்.

பாட்டியின் பேரன் லிவிவ் காப்பகத்தில் தேடிச் சலித்திருந்தான். அந்த மலைக் கிராமங்களின் தேவாலயப் பதிவேடுகளில் நிறைய போலந்தில், பிஷெமிஷ்ல் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லையோரத்து ஊர் என்றால் இரண்டு நாட்டிலும் கேளுங்கள். அங்கே கிடைத்த திருமணப் பதிவிலிருந்துதான் பெரியம்மா மகளின் குடும்பத்துக்கு வழி கிடைத்தது.

பெரியம்மாவின் மகள் பேருந்தில் வந்து இறங்கிய காலையில் பெட்டி தூக்க நானும் போயிருந்தேன். பாட்டியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கட்டிப்பிடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே இறந்தவர்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒரு பெயர் சொன்னால் மற்றவர் அடுத்தது. மறுநாள் தேவாலயத்தில் அத்தனை பேருக்கும் பனஹிதா, அதாவது இறந்தோர் வழிபாடு, நடத்தினார்கள். நானும் ஒரு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டிலிருந்து

அக்கா சொன்ன 'முதலில் ஊர்' என்பதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தாளில் இருக்கும் ஊர் வேண்டுமென்றே மாற்றி எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு உக்ரைனியப் பெரியவர் இருந்தார். போருக்குப் பிறகு நெசவாலை வேலைக்கு வந்தவர். எல்லாத் தாளிலும் பிறந்த இடம் கலீசியா. அவர் மகள் வருடக்கணக்கில் அங்கே தேடியும் ஒரு தடயம் இல்லை.

ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக் காப்பகத்தில் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய தகவல் உண்டு. பெருமளவு இணையத்திலேயே இலவசம். அதில் அவருடைய போர்க்கால வேலை அட்டை கிடைத்தது. பிறந்த இடம், போருக்கு முன்பே சோவியத்தில் இருந்த பொல்தாவா பகுதியில் ஒரு கிராமம். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோன 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்களில் ஒருவர் அவர். யால்டா ஒப்பந்தப்படி சோவியத் குடிமக்களைத் திருப்பி அனுப்பினார்கள். போனால் துரோகி என்று தண்டிப்பார்கள் என்ற பயத்தில் எத்தனையோ பேர் அகதி முகாமில் 'நான் போலந்துக் குடிமகன், கலீசியாக்காரன்' என்று எழுதிக்கொடுத்துத் தப்பினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு 1939 வரை கலீசியா போலந்திடம் இருந்ததால் அது செல்லுபடியானது.

மகள் அந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது பெரியவர் கிராமத்தின் பெயரைத் தானே வாய்விட்டுப் படித்தார். பிறகு 1933 பஞ்சத்தில் இறந்த தம்பிகளைப் பற்றி முதல் முறையாக மகளிடம் பேசினார். ஒரு அக்கா பிழைத்திருந்தார் என்றும் சொன்னார். பெரியவர் போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். அந்த அக்காவின் பிள்ளைகளை மகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். 1920-களின் பிறப்புப் பதிவுகளுக்காகப் பொல்தாவா காப்பகத்துக்கு எழுதிய அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.