கோடை வறட்சிக்கு ஹயலூரோனிக் ஊசி: தேவையா, வேண்டாமா?

வெயில்நிலா:
கோடை தொடங்குவதற்குள் முகத்தில் ஹயலூரோனிக் அமில ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் என் தோழி. தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருளாம் அது. ஸ்கின் பூஸ்டர் என்கிறார்கள். கன்னம் முழுக்கச் சிறு சிறு சொட்டாக மருந்தை ஏற்றினால் தோல் உள்ளிருந்தே ஈரமாக இருக்குமாம், மாதக்கணக்கில் தாங்குமாம். வெயில் காலம் வந்தால் எனக்குக் கன்னம் இழுத்துப் பிடிக்கும், மூக்கோரம் செதில் செதிலாக உரியும். வேலை நேரம் முழுக்க ஏசி அறையில்தான். போட்டுக்கொண்டவர்களும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

மருதாணி:
போட்டுக்கொண்டவள் நான், தாராளமாகப் போகலாம் என்பேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உதட்டைப் பெரிதாக்கும், கன்னத்தை எழுப்பும் ஃபில்லர் வேறு, இது வேறு. அடிப்படைப் பொருள் ஒன்றுதான். ஆனால் இதில் கூழ் இளக்கமாக இருக்கும், முக வடிவம் மாறாது, தோலின் தன்மைதான் மாறும். மரத்துப்போக வைக்கும் கிரீமைப் பூசிக் காத்திருந்து, மெல்லிய ஊசியால் வரிசையாகக் குத்துவார்கள். அன்று சாயங்காலம் கன்னத்தில் கொசுக்கடி மாதிரி வரிசையாகத் தடிப்பு இருக்கும், ஓரிரு நாளில் அமுங்கிவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே, கன்னத்து மேல்பகுதியில் இருந்த நுண்கோடுகள் மங்கியிருந்தன. முகத்துக்கு ஒரு மினுமினுப்பு வந்தது. எந்த கிரீமும் எனக்கு இதைத் தந்ததில்லை.

உப்புக்காற்று:
மருதாணி அக்கா சொல்லும் மினுமினுப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி வறட்சியைப் பற்றியது. இழுத்துப் பிடிப்பதும் உரிவதும் தோலின் ஆக மேலே இருக்கும் இறந்த செல் அடுக்கில் நடப்பவை. முகத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கனம். ஊசி மருந்து போய்ச் சேர்வது அதற்குக் கீழே உள்ள உட்தோலுக்கு. உட்தோலில் ஏற்கெனவே தண்ணீர் நிறையவே இருக்கிறது, அங்கே யாருக்கும் பஞ்சமில்லை. மேலே வேலி உடைந்து நீர் ஆவியாகிப் போகிறது என்பதுதான் சிக்கல். வேலியைச் சரிசெய்யாமல் கிணற்றில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

வேலி ஏன் உடைகிறது என்று பாருங்கள். கோடையில் வியர்க்கிறது என்று அடிக்கடி சோப்பு போட்டு முகம் கழுவுகிறோம். சாதாரண சோப்பின் காரத்தன்மை பிஎச் 9, 10 அளவில் இருக்கும். தோலுக்கு ஏற்றது 5ஐ ஒட்டிய அமிலத்தன்மை. பிறகு ஏசி அறையின் உலர்ந்த காற்றில் மணிக்கணக்கில் உட்காருகிறோம். காரமில்லாத முகக்கழுவி, ஈரம் காயும் முன்னே கிளிசரினோ செராமைடோ உள்ள மாய்ஸ்சரைசர், மேலே சன்ஸ்க்ரீன். முதலில் இதைச் சில வாரம் ஒழுங்காகச் செய்து பாருங்கள்.

மருதாணி:
இதெல்லாம் செய்யாமல் நேராக ஊசிக்கு ஓடினேன் என்று நினைக்கிறீர்களா? வருடக்கணக்காகச் செய்கிறேன், இன்றும் செய்கிறேன். கிரீமில் இருக்கும் ஹயலூரோனிக் அமிலம் பெரிய மூலக்கூறு. அது மேலேயே தங்கிவிடும், உட்தோலுக்குப் போகாது. உட்தோலில் இயற்கையாக இருக்கும் அதே பொருள் வயதாக ஆக, வெயில் பட்டுப் பட்டுக் குறைகிறது. அங்கே கொண்டு சேர்க்க ஊசியைத் தவிர வழியில்லை. இது ஏதோ பார்லரில் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 மே மாதம் ஸ்கின்வைவ் என்ற ஊசி மருந்துக்கு, கன்னத்துத் தோலின் வழவழப்பைக் கூட்ட என்று அனுமதி கொடுத்திருக்கிறது. 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பலன் ஆறு மாதம் வரை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

உப்புக்காற்று:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், வழவழப்புக்கு என்று. கோடை வறட்சியைத் தீர்க்கும் சிகிச்சை என்று அந்த அனுமதியில் இல்லை. விளம்பரம் செய்பவர்கள்தான் அதைக் கோடையோடு முடிச்சுப் போடுகிறார்கள்.

முதுநிலை மாணவன்:
தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். இரண்டு பக்கத்திலும் விஷயம் இருக்கிறது, ஆனால் இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. வெயில்நிலா, மூக்கோரம் உரிகிறது என்றீர்களே, புருவத்திலும் உரிகிறதா? தலையில் பொடுகு உண்டா? உரியும் இடம் சிவந்து, கொஞ்சம் எண்ணெய்ப்பசையாக இருக்கிறதா?

வெயில்நிலா:
ஆமாம், புருவத்திலும் உண்டு. பொடுகு பல வருடமாக இருக்கிறது. எண்ணெய்ப்பசையும் இருக்கிறது. வறட்சி என்றுதான் நினைத்திருந்தேன்.

முதுநிலை மாணவன்:
அப்படியானால் அது வறட்சியாக இல்லாமல் செபோரிக் டெர்மடைடிஸ் என்ற அழற்சியாக இருக்கலாம். தோலில் எல்லோருக்கும் இருக்கும் ஒரு வகை ஈஸ்ட்டுக்கும் இதற்கும் தொடர்புண்டு. கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு கிரீமுக்கும் ஷாம்புவுக்கும் பெரும்பாலும் அடங்கும். ஊசிக்கு இது அடங்காது. அழற்சி இருக்கும் இடத்தில் ஊசி குத்தவும் கூடாது. ஒரு தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள், எழுத்தில் படித்து உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி விவாதத்துக்கு வருகிறேன். ஹயலூரோனிக் அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் தோலில் இயற்கையாக இருப்பது ஒரு நாள் அளவிலேயே பாதி சிதைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால் சும்மா ஏற்றினால் சீக்கிரம் கரைந்துவிடும். மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். பிடிடிஇ என்ற வேதிப்பொருளால் பிணைப்பார்கள், சில தயாரிப்புகளில் வேதிப்பொருள் இல்லாமல் வெப்பத்தால் செய்வார்கள். அதனால் ஹைட்ரேஷன் ஊசி, அதாவது ஈரமூட்டும் ஊசி என்று பொதுப்படையாகச் சொன்னால் போதாது. உள்ளே இருப்பது பிணைத்ததா, பிணைக்காததா, அல்லது சால்மன் போன்ற மீனிலிருந்து எடுக்கும் டிஎன்ஏ துண்டுகளான பாலிநியூக்ளியோடைடா என்று கேட்டே ஆக வேண்டும். ஹயலூரோனிக் அமிலமாக இருந்தால், சிக்கல் வரும்போது ஹயலூரோனிடேஸ் என்ற நொதியால் கரைக்கலாம். மற்றவற்றுக்கு அந்த வசதி கிடையாது.

கடலோரம்:
என் அக்கா கோடை நடுவில் போட்டுக்கொண்டார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டி, அது வடிந்த பிறகு பழுப்புக் கறை நின்றுவிட்டது. வெயிலில் அலையும் வேலை அவருக்கு. மாதக்கணக்கில் மறையவில்லை. நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோலில் காயம் ஆறினாலும் கருமை தங்கும், வெயில் பட்டால் அது இன்னும் அழுத்தமாகும். இதை அங்கே யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. எனக்கு இன்றுவரை கோபம் அதுதான்.

மருதாணி:
உங்கள் அக்காவுக்கு நடந்தது தப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான் கோடைக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். போட்ட பிறகு வெயில், நீராவிக் குளியல், கடும் உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஓரிரு நாள் தவிர்க்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எனக்குப் போட்டவர் மருந்து டப்பாவை என் கண் முன்னே பிரித்து, தொகுதி எண் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து என் கோப்பில் ஒட்டினார். அப்படிச் செய்கிற இடத்துக்குப் போங்கள்.

உப்புக்காற்று:
அப்படிச் செய்யாத இடங்கள்தான் அதிகம் அக்கா, என் கவலையே அதுதான். ஊசியே இல்லாத பேனா என்று இணையத்தில் விற்கிறார்கள், காற்றழுத்தத்தால் மருந்தை உள்ளே தள்ளுமாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாமாம். எஃப்டிஏ 2021இல் இதைப் பயன்படுத்தவே கூடாது என்று எச்சரித்தது. எவ்வளவு ஆழத்துக்கு, எங்கே போகும் என்று கட்டுப்படுத்த முடியாது. வெயில்நிலா மாதிரி ஒருவர் தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது இந்த மலிவான வழிகள்தான்.

முதுநிலை மாணவன்:
பேனா விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். முறையாகப் போட்டாலும் ஆபத்து முழுக்க இல்லாமல் போகாது. அரிதாக மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். தோல் வெளுப்பது, வலைபோல நீலம் பாய்வது, தாங்க முடியாத வலி, பார்வை மங்குவது, இதில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். மேலாகக் குத்தும் பூஸ்டரில் இந்த ஆபத்து ஃபில்லரை விடக் குறைவு, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஹயலூரோனிடேஸ் கைவசம் இருக்கிறதா என்று போகும் இடத்தில் கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடுவதுதான் சரி.

உப்புக்காற்று:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயிலால் வரும் தோல் முதுமையைப் பற்றி ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 900 பேருக்கு மேல் வைத்து நாலரை ஆண்டு ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொன்ன குழுவில், விருப்பப்பட்டபோது பூசியவர்களை விடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. நுண்கோடு வராமல் தடுக்க இவ்வளவு எளிய வழி இருக்கும்போது, ஊசியை ஏன் முதல் படியாகப் பேச வேண்டும்?

மருதாணி:
முதல் படி என்று நான் சொல்லவில்லை. சன்ஸ்க்ரீன் இனி வரப்போவதைத் தடுக்கும், ஏற்கெனவே விழுந்த கோடுகளை எனக்குக் குறைத்தது ஊசிதான். நாற்பது தாண்டிய ஒரு பெண் தன் முகத்துக்காக யோசித்து, விசாரித்து, தகுதியான மருத்துவரிடம் போய்ச் செய்துகொள்வதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பலன் குறைந்ததும் மறுபடியும் போட்டுக்கொள்வேன்.

உப்புக்காற்று:
உங்கள் முகம், உங்கள் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். கோடை வறட்சிக்கு மருந்து என்று மட்டும் அதை யாரிடமும் சொல்லாதீர்கள் அக்கா.

வெயில்நிலா:
மூவருக்கும் நன்றி, கடலோரம் சொன்னதும் மனதில் நிற்கிறது. தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன், மூக்கோரத்தையும் பொடுகையும் காட்டப் போகிறேன். சோப்பை இன்றே நிறுத்துகிறேன். ஊசியைப் பற்றியும் அவரிடமே கேட்கிறேன், அழற்சி அடங்கிய பிறகு. முதுநிலை மாணவன், அந்த கிரீம் போடும்போதே சன்ஸ்க்ரீனும் பூசலாமா?

முதுநிலை மாணவன்:
பூசலாம். மருந்து கிரீம் முதலில், அது உள்ளே இறங்கிய பிறகு சன்ஸ்க்ரீன். எரிச்சல் வந்தால் ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாக மாற்றிப் பாருங்கள். வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூசுங்கள், வியர்வையைத் துடைத்தால் அதற்கும் முன்பே.