கிளிம்மர்: மங்கலா, மினுக்கலா?

செங்காந்தள்:
ஒரு ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கிறேன். தூரத்து வீட்டு விளக்கு ‘கிளிம்மர்’ (glimmer) ஆகிறது என்று வருகிறது. ‘மங்கலாக எரிந்தது’ என்று எழுதினேன். அசைவு போய்விட்டது என்கிறார் நண்பர். எது சரி?

வடகரை:
நண்பர் சொல்வதுதான் சரி. கிளிம்மரின் கடைசியில் வரும் ‘அர்’ சும்மா ஒட்டிக்கொண்டதில்லை. ஃபிளிக்கர் (துடித்து எரிவது), கிளிட்டர் (மின்னுவது), ஃபிளட்டர் (படபடப்பது) எல்லாவற்றிலும் அதே வால்தான். ஒரு செயல் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும், நம் ‘மினுமினு’ மாதிரி. ஒளிர்வதைக் குறிக்கும் கிளீம் (gleam) என்ற சொல்லுக்குக் கிளிம்மர் சொந்தம். 14ஆம் நூற்றாண்டில் கிளிம்மர் நன்றாக ஒளிர்வதைத்தான் குறித்தது. மங்கல் என்ற பொருள் 15ஆம் நூற்றாண்டில் ஏறியது. ஜெர்மனில் இன்றைக்கும் கிளிம்மர் என்றால் மைக்கா, அதாவது பளபளக்கும் அபிரகக் கல். மைக்காத் துண்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள், மங்கலா அது?

ஆடிக்காற்று:
வேரைத் தோண்டி இன்றைய பொருளை முடிவு செய்யக் கூடாது. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். இன்று மல்லிகைக்கு அப்படிச் சொல்வீர்களா? ஜெர்மனுக்கே போனாலும், ‘கிளிம்மென்’ என்ற வினைக்குச் சுடரில்லாமல் கனல்வது என்று பொருள். ஊதுபத்தி நுனி மாதிரி, சாம்பலுக்குள் ஒரே சீரான சிவப்பு. சிகரெட்டுக்கு அங்கே பேச்சுவழக்கில் ‘கிளிம்ஷ்டெங்கல்’ என்று பெயர், கனலும் தண்டு. குறைந்த ஒளியும் அந்தக் குடும்பத்துச் சொத்துதான்.

வடகரை:
நாற்றம் பற்றிச் சொன்னது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அசைவு இன்றைய பொருளிலும் இருக்கிறதே! அகலில் எண்ணெய் தீரும் நேரத்தைப் பாருங்கள். திரி கருகும், சுடர் பயறளவு சுருங்கும், சட்டென்று எழும்பும், மறுபடி சுருங்கும். அதுதான் கிளிம்மர். வெறும் மங்கல் போதுமென்றால் அந்த எழுத்தாளர் ‘டிம்’ என்றே எழுதியிருப்பார்.

ஆடிக்காற்று:
‘கிளிம்மர் ஆஃப் ஹோப்’ என்கிறார்களே, அங்கே எது அசைகிறது? கொஞ்சமாக இருக்கிறது, அவ்வளவுதான். ‘நம்பிக்கைக் கீற்று’ என்று நம்மவர்கள் எழுதுவது அதனால்தான்.

செங்காந்தள்:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கதையில் காற்று அடிக்கிறது, விளக்கு மரங்களுக்கு நடுவே தெரிகிறது. அப்படியானால் ‘மினுக் மினுக்கென்று தெரிந்தது’ என்று மாற்றிவிடுகிறேன்.

ஆடிக்காற்று:
கிளை ஆடுகிறதென்றால் சரி, விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘சின்னதாக’ என்று ஒரு சொல் முன்னால் சேருங்கள். வெறும் மினுக் மினுக் என்றால் கல்யாண வீட்டுச் சீரியல் லைட்தான் கண்ணுக்கு வரும்.