சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாறுகளில் புனைந்த உரையாடல்கள் இருக்கலாமா?

நூலகவாசி:

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அறிவியலறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை விரும்பிப் படிக்கிறாள். மைக்கேல் ஃபாரடேயைப் பற்றிச் சிறுவர்களுக்கென எழுதப்பட்ட இரண்டு நூல்களை அண்மையில் அடுத்தடுத்துப் படித்தாள். மின்சாரத்தால் என்ன பயன் என்று நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கேட்டதாகவும், விரைவில் நீங்கள் இதற்கு வரி விதிக்கலாம் என்று ஃபாரடே விடையளித்ததாகவும் ஒன்றில் முழுப்பக்க ஓவியத்துடன் ஒரு காட்சி வருகிறது. மற்றொன்றில் அந்தச் செய்தியே இல்லை. இதை அவளே கவனித்துவிட்டு, எந்த நூலை நம்புவது என்று என்னிடம் கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

கதைபோல் எழுதினால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்று கூறி உரையாடல்களைப் புனைந்து சேர்ப்பது முறையா? இத்தகைய நூல்களை வாங்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்? அவளுடன் நானும் சேர்ந்து படிப்பதால், பெரியவர்களுக்கும் நிறைவு தரும் நூல்களைப் பற்றி அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு):

தங்கள் மகளின் கேள்வி மிக நல்ல கேள்வி. அந்த வரிக் கதைக்கு ஃபாரடே காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அவர் 1867-இல் இறந்தார். கதை அச்சில் தென்படுவதோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். எனவே அதைச் சொல்லாமல் விட்ட நூலாசிரியர் பொறுப்புடன் நடந்துகொண்டிருக்கிறார் என்றே கருதுகிறேன்.

எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், ஃபாரடேயின் வாழ்க்கைக்கு ஒட்டுப்போட வேண்டிய தேவையே இல்லை. ஒரு கொல்லரின் மகனாக 1791-இல் பிறந்து, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல், லண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகிய சிறுவன், கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்துக் கற்றான். ஜேன் மார்செட் என்ற பெண்மணி பொதுவாசகர்களுக்காக எழுதிய வேதியியல் நூல் அவற்றுள் ஒன்று. அந்நூலுக்குத் தாம் பட்ட கடனை, உலகப் புகழ் பெற்ற பின்னர், 1858-இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஃபாரடேயே நன்றியுடன் குறிப்பிடுகிறார். 1812-இல் வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார்; 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற லண்டன் அறிவியல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. இவை அனைத்தும் கடிதங்களிலும் ஆவணங்களிலும் இருப்பவை. இவற்றை உள்ளபடி சொன்னாலே எந்தப் பிள்ளையும் ஆர்வத்துடன் படிக்கும்.

பெரும்பாலான சிறுவர் நூல்கள் அவர் செய்த வேலையைக் காட்டுவதில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. 1831 ஆகஸ்ட் 29 அன்று, தேனிரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச்சுருள் சுற்றி, ஒன்றை மின்கலத்துடன் இணைத்தபோது, மற்றொன்றின் அருகிலிருந்த காந்த ஊசி ஒருமுறை அசைந்து பழைய நிலைக்குத் திரும்பியது. மின்கலத்தைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. மின்னோட்டம் தடையின்றி ஓடிக்கொண்டிருந்த நேரத்திலோ ஊசி அசையவே இல்லை. மாற்றம் நிகழும் கணத்தில் மட்டுமே விளைவு உண்டு என்ற இந்த நுட்பத்தை ஒரு சிறுமி புரிந்துகொண்டால், மின்னாக்கியும் மின்மாற்றியும் அவளுக்கு வெறும் பாடமாக இருக்கமாட்டா. 'ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார்' என்ற ஒற்றை வரியோடு கடந்துவிடும் நூலை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தாங்கள் இருவரும் சேர்ந்து படிக்க, மெழுகுவர்த்தியின் வேதியியல் பற்றி அவர் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு உரைகளின் தொகுப்பைச் சொல்வேன். வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861-இல் வெளிவந்தது. மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி ஒரு தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ அந்தப் புகையின் வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அது உண்மையில் மெழுகின் ஆவி. எரிவது அதுவே என்பதை இந்தச் சோதனை கண்முன் காட்டிவிடும். காற்றோட்டம் இல்லாத அறையில், தாங்கள் அருகிலிருந்து செய்யச் சொல்லுங்கள்.

மெய்ப்புநோக்கி:

நூல் வெளியீட்டுப் பணியில் இருப்பவன் என்ற முறையில், வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் மேற்கோள் குறிகளைப் பாருங்கள். அவற்றுக்குள் இருக்கும் பேச்சு ஒரு கடிதத்திலிருந்தோ நாட்குறிப்பிலிருந்தோ வந்ததா என்பதை நூலின் முன்னுரையிலாவது பின்பக்கங்களிலாவது ஆசிரியர் தெரிவித்திருக்க வேண்டும். நம் சிறுவர் நூல்களில் இது அரிதாகவே இருக்கிறது. பக்கம் கூடினால் விலை கூடும் என்ற கவலை எங்களுக்கு உண்டென்றாலும், ஒரு பக்கக் குறிப்பால் விலை பெரிதாக உயர்ந்துவிடாது.

அடுத்து, அந்த அறிஞர் சிக்கலில் மாட்டிக்கொண்ட இடங்களை ஆசிரியர் சொல்கிறாரா என்று பாருங்கள். 1821-இல் மின்காந்தச் சுழற்சி (மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வது) பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, அதே திசையில் முன்பே சிந்தித்திருந்த வொல்லஸ்டன் என்ற அறிவியலறிஞரின் பெயரைக் குறிப்பிடவில்லை என்ற குற்றச்சாட்டு ஃபாரடே மீது எழுந்தது. 1824-இல் அவரை, அறிவியலறிஞர்களின் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது எதிர்த்தவர், அவரை வளர்த்துவிட்ட டேவியே. இதைப் பிள்ளைகளிடம் மறைப்பானேன்? நட்பும் பொறாமையும் அவர்கள் வகுப்பறையிலும் அன்றாடம் காண்பவைதாமே.

நியூட்டனின் ஆப்பிளையும் இதே முறையில் சோதிக்கலாம். முதுமையில் நியூட்டன் தம்மிடம் கூறியதாக ஸ்டியூக்லி என்ற நண்பர் எழுதிவைத்திருப்பதால், ஆப்பிள் விழுந்ததைக் கண்டு சிந்தித்தார் என்பதற்குச் சான்று உண்டு. தலையில் விழுந்தது என்பதற்கு இல்லை.

குடந்தை வாசகி:

மேலே இருவரும் கூறியதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால், புனைந்த உரையாடல் அறவே கூடாது என்பதை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். ஆறேழு வயதுக் குழந்தைக்கு வாசித்துக் காட்டும் படநூலில், 'இந்தப் பேச்சு என் கற்பனை' என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுதினால் அதில் தவறில்லை. எட்டாம் வகுப்பு மாணவிக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

அவள் வயதுக்குத் தன்வரலாறுகளை அறிமுகப்படுத்தலாம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. அளவில் பெரியது என்பதால் முதல் பக்கத்திலிருந்து கொடுத்தால் சோர்ந்துவிடுவாள். 1880-இல், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அந்த 25 வயது இளைஞர், ஊருக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல நேர்ந்த அந்தச் சந்திப்பே 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறுவதற்குத் தொடக்கமானது. இங்கும் உரையாடல் வருகிறது. ஆனால் அங்கே அமர்ந்திருந்தவரே நினைவிலிருந்து எழுதியது. நினைவு அறுபது ஆண்டுகளுக்குப் பின் எந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கும் என்பதைத் தங்கள் மகள் நிச்சயம் கேட்பாள். கேட்டால், ஏடுகளைத் தேடி அவர் சென்ற ஊர்களைப் பற்றிய பகுதிகளையும், அவர் பதிப்பித்த நூல்களின் முன்னுரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னுரைகள் அந்தந்த ஆண்டிலேயே எழுதப்பட்டவை.