புதுப்பிப்பு: பையனோட பராமரிப்பு உதவித்தொகை வந்துருச்சு

மாற்றுத்திறனாளிகளுக்கு தமிழ்நாடு அரசு குடுக்கிற மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு பையன் மனுவ தள்ளிட்டாங்கன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. சர்டிபிகேட்ல கை கால் குறைபாடு மட்டும் 60%னு இருந்துச்சு, கடும் பாதிப்புன்னா 75% வேணும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40% போதும், அதையும் பாக்கச் சொல்லுங்கன்னு ஒரு அக்கா எழுதினாங்க பாருங்க, அதான் கை கொடுத்துச்சு. மறுபடி மெடிக்கல் போர்டு போனோம், ஐக்யூ டெஸ்ட்ல கட்டைய அடுக்குடான்னா இவன் டாக்டரம்மா பேனாவ எடுத்து சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டான், 50% போட்டாங்க. புது சர்டிபிகேட், யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ரெண்டையும் வெச்சு திரும்ப மனு குடுத்தேன். எதிர்பாக்காதது என்னன்னா ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பாஸ்புக்ல பின்னாடி, அதுக்கே அரூர்லேருந்து தர்மபுரிக்கு ரெண்டு நடை பஸ்ஸு, அத முதல்லயே சரி பண்ணிருங்க. நேத்து அக்கவுண்ட்ல ஏறிருச்சு.