கலைச்சொல் உதவி: வயலில் இறங்கிய விமானத்துக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் 1927 வரை விமானத்தில் தபால் சுமந்த கதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு பத்து நாளாக நகர முடியவில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபோர்ஸ்டு லேண்டிங்’ என்பார்கள். பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது, அல்லது மூடுபனி வழியை மறைத்துவிடுகிறது. விமானி கண்ணுக்குத் தெரிந்த வயலிலோ மேய்ச்சல் நிலத்திலோ இறங்குகிறார். அந்தச் செயலின் பெயர்தான் எனக்கு வேண்டும்.

‘விபத்து’ என்று எழுதிவிட்டுப் போகலாமே என்று நினைக்காதீர்கள். அஞ்சல் துறையின் கணக்கிலேயே இது விபத்திலிருந்து தனியாக நிற்கிறது. இயந்திரக் கோளாறால் எத்தனை, வானிலையால் எத்தனை என்றுகூடப் பிரித்திருக்கிறார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளில் இறந்த விமானிகள் 34 பேர். ஆனால் வயலில் இறங்கி, கார்பரேட்டரைத் துடைத்து, பக்கத்துப் பண்ணைவீட்டில் காப்பி குடித்துவிட்டு மறுபடி கிளம்பியவர்களுக்குக் கணக்கே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், படிக்கிறவர்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் பிணம் விழுவதாகத் தோன்றும்.

அன்றைய விமானியின் வேலையில் இது ஒரு பகுதி. எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது. சறுக்கிக்கொண்டே சில நிமிடங்கள் இறங்கும். அதற்குள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, உழுத நிலமா தரிசா, வேலி எங்கே, வாய்க்கால் எங்கே என்று பார்த்தாக வேண்டும். உழுத சாலில் சக்கரம் புதைந்தால் விமானம் மூக்கை ஊன்றிக் குப்புறக் கவிழும். தொடக்கத்தில் வந்த டி.ஹெச்.4 ரகத்தில் எஞ்சினுக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் நடுவே விமானியின் இருக்கை இருந்தது. கவிழ்ந்தால் இரண்டுக்கும் இடையில் நசுங்க வேண்டியதுதான். பிறகுதான் இருக்கையைத் தொட்டிக்குப் பின்னால் மாற்றினார்கள்.

டீன் ஸ்மித் என்ற விமானி மேலிடத்துக்கு அடித்ததாகச் சொல்லப்படும் தந்தி ஒன்று பிரபலம். தாழப் பறந்தேன், எஞ்சின் நின்றது, இறங்க இருந்த ஒரே இடம் ஒரு மாட்டின் மேல், மாடு செத்தது, விமானம் நொறுங்கியது, நான் பயந்துபோனேன் — அவ்வளவுதான் தந்தி. இதற்கு நான் எழுதிய தமிழில் ‘கட்டாயத் தரையிறக்கம்’ என்று போட்டேன். மாட்டுக்கே சிரிப்பு வரும்.

‘கட்டாயம்’ என்றால் யாரோ ஒருவர் கட்டாயப்படுத்த வேண்டும். போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டு ஒரு விமானத்தை இறக்கினால் அது கட்டாயத் தரையிறக்கம். ‘அவசரத் தரையிறக்கம்’ பத்திரிகைச் சொல். அதைக் கேட்டதும் ஓடுபாதையும் தயாராக நிற்கும் தீயணைப்பு வண்டியும் கண்ணில் வருகின்றன. ‘வலிந்திறக்கம்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். வலிந்து போய் உதவினான் என்றால் தானாகவே போனான் என்று பொருள். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

என் கையில் இருப்பது ‘கையறு இறக்கம்’ ஒன்றுதான். அடித்து நொறுக்குங்கள்.

* * *

> என் கையில் இருப்பது ‘கையறு இறக்கம்’ ஒன்றுதான்.

தம்பி, அதைக் கீழே வைத்துவிடுங்கள். தந்தையை இழந்து பாரி மகளிர் பாடியது கையறுநிலை. செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாதவன் நிலை அது. உங்கள் விமானிக்கோ அந்தச் சில நிமிடத்தில் இரண்டு கை போதவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காற்றைப் பார்க்கிறான், வேலியைப் பார்க்கிறான், மாட்டைப் பார்க்கிறான் (பார்த்தும் பயனில்லை என்பது வேறு). அவனைப் போய்க் கையற்றவன் என்பது அநியாயம்.

‘இடரிறக்கம்’ என்று வைத்துப் பாருங்கள். சிறியது, இலக்கணம் இடிக்காது. ஆனால் சொல்லும்போது நாக்கில் ஒட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

* * *

இருவருக்கும் வணக்கம். நான் கடற்கரைக்காரி, விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஐயா சொன்ன ‘இடரிறக்கம்’ வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அப்பாவிடம் கதையை மட்டும் சொல்லி, இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் முப்பது ஆண்டு கடலுக்குப் போனவர். கொஞ்சமும் யோசிக்காமல், “எஞ்சின் நின்றால் படகு கரை ஒதுங்கும். அது தரை ஒதுங்கியிருக்கிறது” என்றார்.

தரையொதுங்கல். எனக்கு இது பிடித்துவிட்டது. எஞ்சின் பழுதானாலும் புயல் அடித்தாலும் படகுக்கு ஒரே வினைதான், ஒதுங்குவது. உங்கள் அஞ்சல் துறைக் கணக்கில் உள்ள இரண்டு வகையும் அதற்குள் வந்துவிடுகின்றன. போக வேண்டிய துறைக்குப் போகவில்லை, ஆனாலும் மூழ்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிறோம், மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று திட்டுகிறோம். புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய சொல்லே அல்ல.

* * *

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சொல் நன்றாக இருக்கிறது. அதனால்தான் மூன்று சந்தேகம்.

முதலாவது, சடலமும் கரை ஒதுங்குகிறது, திமிங்கிலமும் ஒதுங்குகிறது. ஒதுங்குவது அலையின் வேலை, ஒதுங்குகிறவனின் வேலை அல்ல. விமானியின் கைத்திறன் எங்கே போயிற்று?

இரண்டாவது, இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் வயல் பக்கம் ஒதுங்கினார் என்றால் விமானத்தை யாரும் நினைக்க மாட்டார்கள்.

மூன்றாவது, நிலமே இல்லாத இடத்தில், கடலில் இறங்கினால்? படகு கடலிலிருந்து கரைக்கு ஒதுங்கும். விமானம் கடலுக்கே ஒதுங்கியது என்று எழுதினால் உங்கள் அப்பாவே சிரிப்பார்.

* * *

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. இரண்டு நாள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அத்தியாயம் முழுவதையும் திருத்தி எழுதிப் பார்த்தேன்.

முதல் சந்தேகம் வினைமுடிவிலேயே தீர்ந்துவிடுகிறது. சடலம் ஒதுங்கியது, விமானி ஒதுங்கினார். மழைக்கு ஒதுங்குகிறவரை அலையா தள்ளுகிறது? அவர்தானே கூரையைப் பார்த்து ஓடுகிறார்? பிரெஞ்சுத் தபால் விமானி கியோமே 1930 ஜூன் 13 அன்று ஆண்டீஸ் மலையில் பனிப்புயலில் சிக்கி, ஓர் ஏரியைக் கண்டு, எரிபொருள் தீரும்வரை அதையே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு அதன் கரையில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் விமானம் கவிழ்ந்தது. பனியில் குழி பறித்து, தபால் மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி, அதற்குள் இரண்டு நாள் முடங்கிக் கிடந்தார். பிறகு ஐந்து நாள் நடந்து உயிர் தப்பினார். ‘தரையொதுங்கினார்’ என்று எழுதியபோது எனக்கு அவருடைய கைத்திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. தபால் மூட்டைக்கு நடுவே ஒண்டியதும் ஒதுங்கல்தானே.

இரண்டாவதற்கு ‘தரை’ என்ற முன்னொட்டுத்தான் காப்பு. அதை ஒருபோதும் விடக்கூடாது என்று குறிப்பே எழுதிவைத்துவிட்டேன். ஒரு திருத்தத்தில் தவறிப்போய் ‘விமானி சோளக்கொல்லையில் ஒதுங்கினார்’ என்று வந்துவிட்டது. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்றாவதில் ஐயா சொல்வதே சரி. 1926 அக்டோபர் 21 அன்று இம்பீரியல் ஏர்வேஸின் பயணி விமானம் ஒன்று ஆங்கிலக் கால்வாயில் எஞ்சின் பழுதாகிக் கடலில் இறங்கியது. பயணிகள் 10 பேர், ஊழியர் 2 பேர், அத்தனை பேரையும் மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது (அக்காவின் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்). அதே ரக விமானம் 1929 ஜூனில் அதே கால்வாயில் அதே போல எஞ்சின் பழுதாகி இறங்கியபோது பயணிகளில் ஏழு பேர் இறந்தார்கள். இவற்றுக்குத் தரையொதுங்கல் ஒட்டாது. ‘நீரிறக்கம்’ என்று தனியாக வைக்கலாம்.

எல்லையில் நிற்கும் இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1918 மே 15, முதல் நாள் தபால். வாஷிங்டனிலிருந்து பிலடெல்பியாவுக்குப் போக வேண்டிய லெப்டினன்ட் பாயில் வழி தெரிவதற்காகக் கீழே பார்த்துப் பறந்த ரயில் பாதையே தவறாகி எதிர்த்திசையில் போய், மேரிலாந்தில் வால்டார்ஃப் ஊருக்கு அருகே இறங்கி உந்துவிசிறியை உடைத்துக்கொண்டார். எஞ்சின் பழுதில்லை, வழிதான் தவறியது. ஆனாலும் ஒதுங்கல் என்றே எழுதியிருக்கிறேன். இன்னொரு தபால் விமானி லிண்ட்பெர்க் சேரமாட்டார். 1926 செப்டம்பரில் மூடுபனியில் எரிபொருள் தீர்ந்து பாராசூட்டில் குதித்தவர் அவர். தொட்டியில் மிஞ்சியிருந்த சொட்டில் எஞ்சின் மறுபடி உயிர்பெற்று, ஆளில்லாத விமானம் அவரையே சுற்றிச் சுற்றி வந்து, தள்ளிப் போய் விழுந்தது. அது விழுதல், அவர் தபாலை மட்டும் தேடி எடுத்து ரயிலில் ஏற்றிவிட்டார்.

சொல்லிலிருந்து ஒரு கிளையும் முளைத்தது. கண்டம் கடக்கும் தபால் தடத்தில் சுமார் 25 மைலுக்கு ஒன்றாக, எஞ்சின் நின்றால் இறங்குவதற்கென்றே திடல் அமைத்து விளக்கு வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஒதுங்குதிடல்’. இங்கே ‘தரை’ வேண்டாமென்று நினைக்கிறேன். ஐயா மறுத்தால் மாற்றிவிடலாம்.

தந்தியையும் மாற்றிவிட்டேன்: “தாழப் பறந்தேன். எஞ்சின் நின்றது. தரையொதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் மாடு.”