மீனம்பாக்கத்தை மூடலாமா? பரந்தூர் வந்தால் என்ன ஆகும்?

நங்கநல்லூர் சீனு

நேற்று இங்கே வேறொரு பேச்சில் ஒரு நண்பர், "பரந்தூர் வந்ததும் மீனம்பாக்கத்தை மூடிவிட வேண்டியதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனசு கேட்கவில்லை, அதனால் இந்த இழை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். மத்திய அரசு 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதலும் கொடுத்துவிட்டது. இரண்டு நிலையங்களும் சேர்ந்தே இயங்கும் என்பதுதான் அரசு சொல்வது. ஆனால் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புதியது வந்த கையோடு பழையதில் பயணிகள் விமானத்தை நிறுத்தினார்களே, அதனால்தான் பயம்.

இந்த ஊருக்கு முதல் விமானத் தபால் வந்தது 1932 அக்டோபரில். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1954-ல் மீனம்பாக்கத்தில் பயணிகள் முனையம். 80-களில் முனையங்கள் திரிசூலம் பக்கம் நகர்ந்தன. உள்நாட்டுக்குக் காமராஜர் பெயர், பன்னாட்டுக்கு அண்ணா பெயர். 2016 செப்டம்பரில் மெட்ரோ வந்தது. 2023 ஏப்ரலில் 1,260 கோடியில் புது முனையம் திறந்தார்கள். இவ்வளவு செலவு செய்த இடத்தையா மூடுவது?

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்கிறேன். என் அம்மாவுக்கு 74 வயது. தங்கையைப் பார்க்கக் கோயம்புத்தூர் போகும்போது நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறி, ஒற்றைப் பையோடு, தனியாகவே விமான நிலையத்தில் இறங்கிக்கொள்கிறார். இந்தியாவில் எத்தனை ஊரில் இது முடியும்?

ஓடுபாதை ரசிகர்

சீனு சார், முனையத்தைப் பற்றி நிறையச் சொன்னீர்கள். விமான நிலையத்தின் கழுத்தை நெரிப்பது ஓடுபாதைதான். அங்கே பாருங்கள்.

மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். பெரியது சுமார் 3,660 மீட்டர். சின்னது அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டிக்கொள்வதால் இரண்டிலும் ஒரே நேரத்தில் சுதந்திரமாக இறக்கி ஏற்ற முடியாது. காகிதத்தில் இரண்டு, காரியத்தில் ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதை நீட்ட அடையாற்றின் மேல் பாலம் கட்டி அதன்மேல் ஓடுபாதை போட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஜிஎஸ்டி ரோடும் ரயில் பாதையும், அதைத் தாண்டினால் திரிசூலம் மலை. இன்னொரு பக்கம் பரங்கிமலை. மிச்சப் பக்கத்தில் ஆறும் வீடுகளும். மணப்பாக்கம், கொளப்பாக்கம் பக்கம் இணை ஓடுபாதைக்கு நிலம் எடுக்கும் யோசனை வந்து, கைவிட்டாகிவிட்டது.

மொத்தமே சுமார் 1,300 ஏக்கர். பெங்களூருக்கு 4,000, ஹைதராபாத்துக்கு 5,000-க்கு மேல். 2024-25-ல் பெங்களூரில் 4 கோடிக்கு மேல் பயணிகள், நமக்கு 2.2 கோடி சொச்சம். ஒரு காலத்தில் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் நாம். புது முனையத்தால் உட்கார இடம் கிடைத்தது, பறக்க இடம் கிடைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகளிலிருந்து மின்னணுச் சரக்கு தினமும் விமானத்துக்குப் போகிறது. அந்த லாரிகள் நகரத்தை நோக்கி ஏன் வர வேண்டும்? பரந்தூர் அவர்களுக்குப் பக்கத்து வீடு.

ராத்திரி டாக்சி

பதினோரு வருஷமாக இந்த லைனில் வண்டி ஓட்டுகிறேன். சீனு அண்ணே, அம்மா பகலில் போவதால் மெட்ரோ கிடைக்கிறது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நிறைய விமானங்கள் இறங்குவது நடுராத்திரிக்கு மேல்தான். அப்போது மெட்ரோ கிடையாது, மின்சார ரயிலும் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து துபாயிலிருந்து வருகிற பையன், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, செல்லில் சார்ஜ் இல்லாமல், "அண்ணே, கிளாம்பாக்கம் போகணும், எவ்வளவு?" என்று கேட்பான். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவனுக்கு. பக்கத்திலேயே இருப்பதால் போய்ச் சேர்கிறான். பரந்தூரில் இறங்கினால் அவன் கதி என்ன? ராத்திரி வாடகை இரண்டாயிரத்துக்குக் குறையாது. எனக்கு லாபம்தான். ஆனாலும் சொல்கிறேன், அது நல்லதில்லை.

ஓடுபாதை ரசிகர்

கிளாம்பாக்கம் நல்ல உதாரணம் அண்ணே. பேருந்து நிலையத்தை 2023 கடைசியில் திறந்துவிட்டு, விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோ போடும் 15 கிலோமீட்டரைப் பற்றி அப்புறம்தான் பேசிக்கொண்டிருந்தோம். அது திட்டமிட்டவர்களின் தவறு. அதற்காகப் பேருந்து நிலையமே கோயம்பேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று சொல்வீர்களா?

அப்புறம், 2015-ஐ மறந்துவிட்டோமா? டிசம்பர் 1 ராத்திரி ஓடுபாதையில் தண்ணீர். பயணிகள் விமானம் மறுபடி கிளம்ப 6-ம் தேதி ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். ஆற்றின் மேல் ஓடுபாதை வைத்திருக்கும் ஊருக்கு இன்னொரு நிலையம் கட்டாயம் வேண்டும்.

ஏரிக்கரை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் தாய்மாமன் வீடு ஏகனாபுரத்தில், நிலம் எடுக்கும் அந்த 13 கிராமங்களில் ஒன்று.

ரசிகர் சார், மீனம்பாக்கத்தில் வெள்ளம் வருகிறது, அதனால் பரந்தூர் என்கிறீர்கள். எங்கள் பக்கம் கம்பன் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. வழியில் இருக்கும் ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை போகும். அந்த ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கு. அடையாறு எங்கே போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் ஓடுபாதைக்கு அடியில். எங்கள் ஏரிகள் மழையைப் பிடித்து வைக்கின்றன. அவற்றை மேடாக்கி கான்கிரீட் போட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இரண்டு நிலையமும் ஒரே தண்ணீர்க் கணக்கில் இருக்கின்றன.

மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அறுவடை முடிந்த வயலில் கொக்கு நிற்பது தெரியும். மாலையானால் மாமி குழம்பை இறக்கி வைத்துவிட்டு போராட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். 2022-லிருந்து இப்படித்தான். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 தேர்தலைப் புறக்கணித்தார்கள். இழப்பீடு கூடுதலாகத் தருகிறார்கள், சிலர் நிலத்தை எழுதிக்கொடுக்கவும் தொடங்கிவிட்டார்கள், மறைக்கவில்லை. ஆனால் ஏரிப்பாசனமும் சொந்தபந்தமும் சேர்ந்த ஊரை எந்தப் பணத்தில் வேறு இடத்தில் வாங்குவது?

ஜப்பானில் நரிட்டாவைப் பாருங்கள். 1978-ல் திறந்தார்கள். விவசாயிகள் சிலர் நிலம் கொடுக்க மறுத்ததால் இரண்டாம் ஓடுபாதையை 2002-ல் 2,180 மீட்டரோடு திறக்க வேண்டிவந்தது. நினைத்த 2,500-ஐத் தொட 2009 ஆயிற்று. ஊரைச் சம்மதிக்க வைக்காமல் தொடங்கினால் பாரம் தலைமுறைக்கும் இருக்கும்.

கோலாலம்பூர் கலா

எங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்கிறேன். சுபாங்கிலிருந்து செப்பாங்குக்கு விமான நிலையம் மாறியது 1998-ல். நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அப்போது எல்லாரும் உங்களைப் போலத்தான் கோபப்பட்டோம். 2002-ல் விரைவு ரயில் வந்தது, கேஎல் சென்ட்ரலிலிருந்து 28 நிமிடம். அதற்குப் பிறகு தூரம் என்ற பேச்சே குறைந்தது. ரயில் இல்லாத அந்த நாலு வருஷம்தான் கஷ்டம்.

இன்னொன்று. சுபாங்கை மூடிப் புல் முளைக்க விடவில்லை. சின்ன விமானங்கள் ஓடிக்கொண்டே இருந்தன, 2024-ல் ஜெட் விமானங்களும் திரும்பி வந்துவிட்டன. பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

நங்கநல்லூர் சீனு

கலா அக்கா, நன்றி. எனக்கு வேண்டியது இதுதான். மூடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகிற சின்ன விமானம் பரந்தூரிலிருந்து எதற்கு? ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ரோட்டிலா?

ஏரிக்கரை தம்பி, நீங்கள் சொன்ன நீர்வழி எனக்குத் தெரியாது. ராத்திரி வரைபடத்தை வைத்துக்கொண்டு விரலால் தடம் பிடித்துப் பார்த்தேன். தலைப்பில் நான் கேட்ட கேள்வியே சின்னதாகத் தெரிகிறது.

ஓடுபாதை ரசிகர்

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் வாதத்துக்கு எதிரான உதாரணத்தை நானே தருகிறேன்: கனடாவில் மான்ட்ரியலுக்கு மிராபெல். 1975-ல் திறந்தார்கள், பிரம்மாண்டமான நிலம். பன்னாட்டு விமானம் அங்கே, உள்நாட்டு விமானம் பழைய டோர்வாலில். பயணி ஒன்றில் இறங்கி இன்னொன்றுக்கு ரோட்டில் ஓட வேண்டும். பேசிய ரயில் வரவே இல்லை. விமான நிறுவனங்கள் டொரொன்டோவுக்கு நகர்ந்தன. 2004-ல் பயணிகள் சேவை நின்றது, பிறகு முனையத்தையே இடித்தார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதி விவசாயிகளுக்கே திரும்பியது.

அதனால்தான் சீனு சார் சொல்கிறபடி இரண்டாகப் பிரிப்பதும் சுலபமில்லை. மதுரையிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்குபவர் லண்டன் விமானத்துக்குப் பரந்தூர் போக வேண்டும் என்றால் பெங்களூர் வழியாகவே போய்விடுவார். ஓடுபாதை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. நிலம் அதேதானா, ஏரிகளை விட்டு வரைய முடியாதா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி, ஏகனாபுரத்துக்கு ஒருமுறை வருகிறேன்.

ராத்திரி டாக்சி

எல்லாம் சரி சார். முதல் விமானம் பரந்தூரில் இறங்குகிற அன்றைக்கு அங்கே ரயில் நிற்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஓடுபாதை ரசிகர்

பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டும் திட்டம் சுமார் 53 கிலோமீட்டர். முதல் கட்டமாக எடுத்தது 28 கிலோமீட்டர், சுங்குவார்சத்திரம் வரை. அங்கிருந்து மிச்சம் 25.

ராத்திரி டாக்சி

அந்த இருபத்தைந்துக்கும் சேர்த்து இப்போதே கையெழுத்து போடச் சொல்லுங்கள் சார். அது இல்லாமல் அந்தத் துபாய் பையனுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

ஏரிக்கரை

சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள் ரசிகர் சார். மாமியிடம் சொல்லிவைக்கிறேன். முதலில் ஏரிக்கரையில் ஒரு சுற்று நடப்போம், அப்புறம் பேசுவோம்.